கருவும் தாயும்: தண்டனைச் சட்டத்தின் வரலாறு சொல்லும் பாடம்



அன்பியக் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "கருக்கலைப்பு கொலை என்று திருஅவை சொல்கிறது. கொலைக்குச் சிறை உண்டு. அப்படியானால் கருவைக் கலைத்த பெண்ணைச் சிறையில் அடைப்பதுதானே நியாயம்?" கேட்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் இலங்கையிலும் அரசியல் மேடைகளில் இதே கேள்வி விவாதிக்கப்படுகிறது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நம் நாட்டுச் சட்டமும் நம் திருஅவையும் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் நடந்து வந்திருக்கின்றன. அந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருவில் இருப்பது மனித உயிர். அதை அழிப்பது பெரும் தீமை. திருத்தூதர் காலத்தை ஒட்டி எழுந்த 'திதக்கே' என்னும் தொன்மையான நூலிலேயே இது தடை செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதைக் கொடிய குற்றம் என்றே அழைத்தது. இந்தப் போதனை அன்றும் இன்றும் ஒன்றுதான். நம் கேள்வி வேறு. அந்தப் பெண்ணைச் சிறையில் வைத்தால் குழந்தை காப்பாற்றப்படுகிறதா? நீதி கிடைக்கிறதா?

இந்தியாவில் இதற்கான சட்டத்தை எழுதத் தொடங்கியவர் மெக்காலே பிரபு. அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தந்தது. கருக்கலைப்புப் பிரிவைப் பற்றி அந்த ஆணையமே ஓர் அச்சத்தையும் எழுதி வைத்தது. இந்தச் சட்டம் இந்த நாட்டில் கயவர்களின் கையில் ஆயுதமாகிவிடும், பொய்ப் புகார் சொல்லியே குடும்பங்களை மிரட்டிப் பணம் பறிப்பார்கள், தண்டனை பெறுவோர் சிலராக இருப்பர், துன்பமும் திகிலும் அடைவோர் பலராக இருப்பர் என்பது அதன் சாரம். சட்டத்தை எழுதியவர்களே அதன் கூர்முனை எங்கே பாயும் என்று பயந்தார்கள்.

ஆயினும் 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312-ஆம் பிரிவு, கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. அதற்குக் கீழே சிறிய விளக்கம் ஒன்று சேர்க்கப்பட்டது: தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவில் அடங்குவாள். தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டும் விலக்கு. அந்தப் பெண்ணைக் கருவுறச் செய்துவிட்டு ஒதுங்கிப்போன ஆணைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் சட்டம் யார் மேல் விழுந்தது? அக்காலத்தில் பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் விதவையான பெண்கள் ஏராளம். விதவை மறுமணம் 1856-லேயே சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. ஆனால் ஊர் ஏற்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளவும் முடியாது. வீட்டுக்குள்ளேயே உறவினர் கெடுத்தால் வெளியே சொல்லவும் முடியாது. கருவுற்றால் கலைப்பது, பிறந்துவிட்டால் மறைப்பது என்று அவளைச் சுற்றி இருந்தவர்களே வழி காட்டினார்கள். பிடிபட்டபோது கூண்டில் நின்றவள் அவள் மட்டுமே.

1881-ல் குஜராத்தின் சூரத் நீதிமன்றம் விஜயலட்சுமி என்ற இளம் விதவைக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பிறந்த குழந்தையைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் அது நாடு கடத்தலாகி, பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. அந்த வழக்கை வைத்துப் பத்திரிகைகள் பெண்குலத்தையே தூற்றின. அதைப் படித்துக் கொதித்தெழுந்த தாராபாய் ஷிண்டே என்ற மராட்டியப் பெண்மணி 1882-ல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்ணிடம் காணும் குற்றங்கள் ஆணிடம் இல்லையா என்று ஒப்பிட்டுக் கேட்டது அந்த நூல். புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் அதற்கு முன்பே வேறொரு வழியைக் காட்டியிருந்தார்கள். கருவுற்ற விதவைகள் பாதுகாப்பாக வந்து பெற்றெடுக்கவும், குழந்தையை அங்கேயே விட்டுச் செல்லவும் ஓர் இல்லம் திறந்தார்கள். அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள்.

நம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1886-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டதாக ஒரு பெண் மீது வழக்கு. ஒரு மாதக் கருதானே, இன்னும் உருவமே பெறவில்லையே என்று கீழ் நீதிமன்றம் அவளை விடுதலை செய்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருத்தரித்த கணம் முதலே அவள் கர்ப்பிணிதான், அந்தக் கணம் முதலே குழந்தையைக் காக்கும் கடமை அவளுக்கு உண்டு என்று சொன்னது.

கருவின் தொடக்கத்தைப் பற்றி நீதிபதிகள் சொன்னது நம் நம்பிக்கைக்கு மிக நெருக்கமானது. ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்ற அவளுக்கு யார் துணை? கணவன், குடும்பம், ஊர், அரசு ஆகியோருக்கு என்ன கடமை? சட்டம் அதைக் கேட்கவில்லை. முள்ளின் மேல் சேலை விழுந்தாலும், சேலையின் மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்பார்கள் நம் பெரியவர்கள். சட்டமும் சேலையைத்தான் கிழித்தது.

நூறு ஆண்டுகள் இப்படியே ஓடின. சட்டப் புத்தகத்தில் தண்டனை இருந்தது. ஊருக்குள் கருக்கலைப்பும் நின்றபாடில்லை. மறைவில், அழுக்கான கருவிகளாலும் நச்சுச் செடிகளாலும் அது நடந்தது. குழந்தையோடு தாயும் செத்தாள். 1964-ல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1971-ல் மருத்துவ முறையில் கருவைக் கலைக்கும் சட்டம் வந்தது. கருவைக் கலைக்க மருத்துவமனைக் கதவைத் திறந்துவிட்ட இந்தச் சட்டத்தைத் திருஅவை ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. அதன் 50-ஆம் ஆண்டு நிறைவான 2021 ஆகஸ்ட் 10-ஐ இந்திய ஆயர் பேரவை துக்க நாளாக அறிவித்தது.

அந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. விதிப்படி செய்யும் பதிவு பெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் அது தொடங்குகிறது. மருத்துவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. 312-ஆம் பிரிவும், பெண்ணைச் சேர்த்த அந்த விளக்கமும் அப்படியே நின்றன. ஆக, பணமும் படிப்பும் உள்ளவளுக்கு மருத்துவமனை. அவை இல்லாமல், பயத்தில் யாரோ வாங்கித் தந்த மாத்திரையை விழுங்கியவளுக்குக் காவல் நிலையம். குழந்தைகளைக் காக்காத சட்டமும், ஏழைப் பெண்ணை விடாத சட்டமும் அருகருகே இருந்து வருகின்றன.

அன்பார்ந்தவர்களே, நம் தமிழ்நாடு இதே பாடத்தை வேறொரு விதத்தில் கற்றது. 1986-ல் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படும் செய்தி நாடறிய வெளிவந்தது. கள்ளிப்பால் என்ற சொல் அன்று நம் எல்லோருடைய நெஞ்சையும் சுட்டது. 1990-களில் தாய்மார் மீது வழக்குகள் பதிவாயின. வரதட்சணை கேட்டவர்களும், மூன்றாவதும் பெண்ணா என்று முகம் திருப்பிய மாமியார் மாமனாரும் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்கள். மறுபக்கம், 1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வளர்க்க முடியவில்லையா, கொல்லாதே, தொட்டிலில் விட்டுச் செல், கேள்வி கேட்கமாட்டோம் என்றது அரசு. பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் ஆக்குகிறது என்று அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் தொட்டிலில் இட்ட குழந்தை உயிரோடு இருந்தது. தாயைக் கைது செய்த வழக்கில் குழந்தை ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தது.

1994-ல் நாடாளுமன்றமும் ஒரு முக்கியமான முடிவெடுத்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டு இயற்றப்பட்டது. பரிசோதனை செய்யும் மருத்துவருக்கும், அதைத் தேடிச் செல்வோருக்கும் தண்டனை உண்டு. பெண்ணுக்கு? கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் அங்கே வந்தாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டாலொழிய அதுதான் உண்மை என்று சட்டமே சொல்கிறது. நம் வீடுகள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய வரி அது. 2016-ல் மேனகா காந்தி மத்திய அமைச்சராக இருந்தபோது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாலினத்தைக் கண்டறிந்து பதிவு செய்து பிரசவம் வரை கண்காணிக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். சுமை மருத்துவர்களிடமிருந்து கர்ப்பிணிகள் தலைக்கு மாறிவிடும் என்று பெண்கள் அமைப்பினர் எதிர்த்தார்கள். அது சட்டமாகவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. காலனியக் காலத்துச் சட்டம் ஒழிந்தது என்று சொன்னார்கள். அதன் 88-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அதே மூன்று ஆண்டு, அதே ஏழு ஆண்டு, அடியில் அதே விளக்கம். 1860-ன் அந்த வரி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு நம்மோடு வந்திருக்கிறது.

கடல் கடந்தும் பார்ப்போம். இலங்கையின் தண்டனைச் சட்டம் 1883-ல் வந்தது. அதன் 303-ஆம் பிரிவு நம் 312-இன் உடன்பிறப்பு. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு எதற்கும் அங்கே விலக்கில்லை. 1995-லும் 2017-லும் விலக்குகளை விரிவாக்க முயற்சி நடந்தது. 2017-ல் இலங்கை ஆயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எந்தெந்தக் காரணங்களுக்காகக் கலைக்கலாம் என்பதே அங்கு விவாதமாக இருந்தது. பெண்ணைச் சிறையிலிடும் வரி அப்படியே இருக்கிறது.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வதோர் நாடு 1998 முதல் கருக்கலைப்பை முற்றிலும் தடை செய்தது. கத்தோலிக்கர் பெருவாரியாக வாழும் நாடு அது. அங்கே 'மானுவேலா' என்று மட்டும் அறியப்படும் ஓர் ஏழைத் தாய், குறைப்பிரசவத்தில் குழந்தையை இழந்து இரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையைக் கொன்றதாக 2008-ல் அவருக்கு முப்பது ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. புற்றுநோயோடு இருந்த அவர் 2010-ல் காவலிலேயே இறந்தார். அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. கருச்சிதைவு தானாக நடந்ததா, செய்துகொண்டதா என்பதைக் காவலர் எப்படிக் கண்டுபிடிப்பார்? துக்கத்தில் இருக்கும் தாயைச் சந்தேகித்துத்தான்.

ஐக்கிய அமெரிக்காவில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றவிருந்த நேரத்தில், லூசியானா மாநிலத்தில் கருக்கலைத்த பெண்ணையும் கொலைக் குற்றத்தில் சேர்க்கும் மசோதா வந்தது. அதை எதிர்த்து யார் எழுதினார்கள் தெரியுமா? கருவுயிர் காக்கப் பல்லாண்டு போராடிய அமைப்புகளே. பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் எந்தச் சட்டத்தையும் ஆதரிக்க வேண்டாம் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அந்த ஆண்டு மே மாதம் திறந்த மடல் எழுதினார்கள். அந்த மசோதா அப்படியே நிறைவேறவில்லை.

இனி நம் திருஅவையின் வரலாறு. ஏறக்குறைய 305-ல் ஸ்பெயினின் எல்விரா சங்கம், கணவன் இல்லாத வேளையில் தவறிக் கருவுற்றுக் குழந்தையைக் கொன்ற பெண்ணுக்குச் சாகும் தறுவாயிலும் நற்கருணை இல்லை என்றது. 314-ல் அன்சீரா சங்கம், அதாவது இன்றைய அங்காரா நகரில் கூடிய ஆயர்கள், பழைய விதி கடுமையானது என்று சொல்லிப் பத்து ஆண்டு தவமாகக் குறைத்தார்கள். அதே நூற்றாண்டில் புனித பெரிய பசிலியாரும் பத்து ஆண்டு என்றார். மனம் திரும்புதலை ஆண்டுக் கணக்கால் அளக்காமல் அதன் உண்மையால் அளக்க வேண்டும் என்றும் சேர்த்தார். 1588-ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் கொலைக்குரிய தண்டனைகளை இதற்கும் விதித்து, பாவமன்னிப்பை உரோமைக்கே ஒதுக்கி வைத்தார். மூன்றே ஆண்டில், 1591-ல், பதினான்காம் கிரகோரியார் அதைத் தளர்த்தி, மறைமாவட்ட அளவிலேயே மன்னிப்புப் பெற வழி செய்தார்.

1917-ன் திருஅவைச் சட்டத் தொகுப்பு, தாயும் விலக்கல்ல என்று சொல்லி உடனடி விலக்குத் தண்டனை விதித்தது. இன்றைய தொகுப்பிலும் அந்தத் தண்டனை இருக்கிறது. 1397-ஆம் எண் அதைச் சொல்கிறது. ஆனால் பதினாறு வயது நிறையாதவர்களுக்குத் தண்டனை இல்லை, கடும் அச்சத்தால் செய்தவர்களை உடனடி விலக்கு கட்டுப்படுத்தாது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. 2016 நவம்பரில், இரக்கத்தின் யூபிலி ஆண்டின் முடிவில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை உலகிலுள்ள எல்லா அருள்பணியாளர்களுக்கும் வழங்கினார்.

இந்த நீண்ட வழியில் ஒரு திசை தெரிகிறது அல்லவா? தீமையைத் தீமை என்று சொல்வதில் திருஅவை ஒரு நாளும் பின்வாங்கவில்லை. அந்தப் பெண் திரும்பி வரும் வாசலை மட்டும் நூற்றாண்டுதோறும் அகலப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறது.

"அப்படியானால் சட்டமே வேண்டாமா, சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். கருவுயிரைச் சட்டம் காக்க வேண்டும், மீறலுக்குத் தகுந்த தண்டனை இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2273-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எது தகுந்த தண்டனை, யாருக்கு என்பதை அறிவோடு தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையது. 1995-ல் புனித இரண்டாம் யோவான் பவுல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' என்ற சுற்றுமடலின் 59-ஆம் எண்ணைப் படியுங்கள். குழந்தையின் தந்தை, நெருக்கும் குடும்பத்தார், நண்பர்கள், மருத்துவர்கள், சட்டம் இயற்றுவோர் என்று பொறுப்பாளிகளின் வரிசை நீளுகிறது. 99-ஆம் எண்ணில் கருக்கலைத்த பெண்களிடம் அவர் பேசுகிறார். நம்பிக்கை இழக்காதீர்கள் என்பதே அங்கே அவர் தரும் செய்தி.

ஆகவே என் எண்ணத்தைச் சொல்கிறேன். பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைப்பவனுக்கு ஆயுள் தண்டனை வரை சட்டத்தில் உண்டு. அது இருக்கட்டும், கடுமையாகவே நடக்கட்டும். பாலினம் பார்த்துச் சொல்லிக் காசு பார்ப்பவர்களை விடக்கூடாது. மிரட்டிக் கூட்டிச் செல்லும் கணவனும், மாத்திரை விற்கும் போலி மருத்துவரும் பதில் சொல்லட்டும். அந்த ஒரு வரி விளக்கத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். 160 ஆண்டுகளில் அது ஏழைப் பெண்ணை அச்சுறுத்தியதைத்தான் பார்க்கிறோம். அந்த அச்சத்தால்தான் இரத்தப்போக்கு வந்தாலும் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறாள். சில வேளைகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே வரவும் தயங்குகிறாள்.

புனித சூசையப்பரை நினைத்துப் பாருங்கள். வானதூதர் சொல்லும் முன்பு அவருக்கு உண்மை தெரியாது. மரியா தவறிழைத்ததாகவே அன்றைய சட்டப்படி எண்ண இடமிருந்தது. பலர் முன் நிறுத்தியிருக்கலாம். அவமானத்துக்கு ஆளாக்க விரும்பாமல் மறைவாக விலக நினைத்தார். மத்தேயு நற்செய்தியாளர் அப்படிப்பட்டவரைத்தான் நேர்மையாளர் என்று அழைக்கிறார். வயிற்றில் குழந்தையோடு நிற்கும் பெண்ணை ஊருக்குக் காட்டிக்கொடுக்காததும் நேர்மையின் பகுதிதான்.

நம் சேக்காட்டிலும் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களிலும் வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! காதலித்தவன் கைவிட்டால் அவர்கள் யாரிடம் போவார்கள்? அன்பியத் தலைவிகளே, வின்சென்ட் தே பவுல் சபையினரே, அப்படி ஒருத்தி உங்கள் வாசலில் நின்றால் முதலில் உட்காரச் சொல்லி ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். யார், எப்படி என்ற விசாரணை பிறகு. 181 பெண்களுக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பெற்ற குழந்தையை வளர்க்க இயலாத தாய், குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். இது 2015-ன் சிறார் நீதிச் சட்டத்திலேயே உள்ளது. பலருக்குத் தெரியாது. தெரியச் செய்யுங்கள். கருக்கலைப்பைத் தத்தெடுப்பால் எதிர்க்கிறோம் என்று புனித அன்னை தெரசா 1979-ல் நோபல் மேடையில் சொன்னதும் இதைத்தான். பிள்ளைப் பேறின்றி ஏங்கும் தம்பதியரே, இது உங்களுக்கும் ஓர் அழைப்பு.

ஆண்மக்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இந்த வரலாறு முழுவதிலும் பெயர் இல்லாமல் இருந்தது நீங்கள்தான். உங்கள் குழந்தைக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். பிறந்தது பெண் என்றால் இரண்டு மடங்கு இனிப்பு வழங்குங்கள்.

கடைசியாக, இதை எங்கோ ஒரு சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்கும் சகோதரியே. யாருக்கும் சொல்லாமல் பத்து ஆண்டோ இருபது ஆண்டோ நீ ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கலாம். உன் குழந்தை இறைவனின் இரக்கத்தில் இருக்கிறது. உனக்கும் அந்த இரக்கம் உண்டு. எந்தப் பங்கிலும், எந்தக் குருவிடமும் வா, அம்மா. தெரிந்தவர் வேண்டாம் என்றால் தெரியாத ஊரில், தெரியாத குருவிடம் போ. மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீ சொன்னது அந்த இடத்தை விட்டு வெளியே வராது.

வாழ்வின் ஆண்டவரே, கருவில் இருக்கும் குழந்தைகளையும் அவர்களைச் சுமக்கும் தாய்மாரையும் ஒருசேர உம் கையில் ஒப்படைக்கிறோம். ஒருவரைக் காக்க மற்றவரைக் கைவிடாத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.